சுண்டை வேரில் கத்தரி

(தென்காசி மாவட்டம் புளியறையில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் உயிரியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒட்டு மாங்கன்று என்றால் என்னவென்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் கன்றுக்கு மொட்டு ஒட்டுப் போடுவதைப் பார்த்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். நர்சரியில் வாங்கிய ரோஜாவின் அடித்தண்டில் வேறு மாதிரி இலையோடு ஒரு துளிர் கிளம்பினால், "அதை ஒடித்துப் போடு, அது காட்டு ரோஜா" என்று வீட்டில் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். மரத்துக்கும் பூச்செடிக்கும் ஒட்டுக் கட்டுவது நமக்குப் பழகிய வேலை. ஆறேழு மாதத்தில் முடிந்துபோகிற கத்தரிக்கும் தக்காளிக்கும் ஒட்டுக் கட்டுவார்கள் என்று சொன்னால்தான், இவ்வளவு மெனக்கெட்டு எதற்கு என்று கேட்கிறார்கள். அந்த 'எதற்கு' பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்தச் சாலையில் நின்று பார்த்தால் பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காய்கறி லாரிகள் செங்கோட்டை வழியாக வந்து, சோதனைச் சாவடியைத் தாண்டி ஆரியங்காவுக்குப் போவதைப் பார்க்கலாம். அந்த லாரிகளில் இருக்கும் கத்தரியும் தக்காளியும் மிளகாயும் நம் பிள்ளைகளின் வீட்டுப் பணம். நம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நோட்டு வாங்குவதா வேண்டாமா என்பதைச் சில சமயம் ஒரு கத்தரி வயல் தீர்மானிக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "சார், எங்க வயல்ல கத்தரி பச்சையா இருக்கும்போதே வாடிப் போயிருது. மருந்து அடிச்சும் கேக்கல. இனிமே கத்தரியே வேண்டாம்னு அப்பா சொல்லிட்டாரு. ஏன் சார் அப்படி ஆவுது?" நாம் நடத்தும் பாடத்துக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. பதில் சொல்ல முதலில் செய்ய வேண்டியது, செடி எதனால் வாடுகிறது என்று பார்ப்பது. தண்ணீர் இல்லாமல் வாடலாம், தண்ணீர் தேங்கியும் வாடலாம். பூஞ்சையால் வாடலாம், பாக்டீரியாவால் வாடலாம். வேரில் நூற்புழு புகுந்திருந்தாலும் வாட்டம் காட்டும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பாக்டீரியா வாடலைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடித் தம்ளர் போதும். இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே தொங்கிவிட்ட செடியின் அடித்தண்டில் ஒரு துண்டைச் சாய்வாக வெட்டி, வெட்டுவாய் தண்ணீரில் முங்கும்படி தம்ளரில் பிடித்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போல் வெள்ளை இழை இறங்கும். புகை தலைகீழாக இறங்குவது மாதிரி இருக்கும். அந்த இழைதான் நோய்: 'ரால்ஸ்டோனியா சொலனேசியரம்' என்ற பாக்டீரியா, கோடிக்கணக்கில். சைலத்தை அடைத்துக்கொண்டு, தண்ணீர் மேலே போகவிடாமல் செய்தது அதுதான். பூஞ்சை வாடலில் இந்த இழை இறங்காது. சைலத்தைப் படம் வரைந்து நடத்தி முடித்த மறுநாள் இதைச் செய்து காட்டுங்கள். படத்தில் வரைந்த குழாய் அடைபட்டால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். பிறகு அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றாமல் கொதிக்க வைத்துக் கொட்டுங்கள், செடித் துண்டை எரித்துவிடுங்கள்.

இழை இறங்கவில்லை என்றால் செடியை மண்ணோடு மெதுவாகப் பெயர்த்து, வேரைக் கழுவிப் பாருங்கள். மணி மணியாக வீங்கியிருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. மணற்பாங்கான செம்மண்ணில் இது சாதாரணம். பிள்ளைகள் உடனே, "சார், இது நைட்ரஜன் முடிச்சுதானே?" என்பார்கள். உளுந்துச் செடி ஒன்றையும் பிடுங்கி அருகில் வையுங்கள். ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் தள்ளினால் உதிர்ந்துவிடும். நூற்புழு வீக்கத்தில் வேரே வீங்கியிருக்கும். பிய்த்தால் வேரும் சேர்ந்து வரும். ஒன்று செடிக்குச் சோறு போடுகிறது, மற்றது செடியின் சோற்றைத் தின்கிறது. தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்விக்குக்கூட வராத வேறுபாடு இது, வயலில் ஒரு பட்டத்துப் பயிரையே காப்பாற்றும்.

இனி அந்தப் பையனின் அப்பா சொன்னதற்கு வருவோம். மருந்து ஏன் கேட்கவில்லை? நோய் இருப்பது மண்ணில். அவர் மருந்து அடித்தது இலையில். இந்தப் பாக்டீரியா மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, இஞ்சி என்று 200-க்கும் மேற்பட்ட தாவர வகைகளைத் தாக்கும். ஆகவே கத்தரியை விட்டுத் தக்காளிக்கு மாறினாலும் தப்ப முடியாது. கேரளத்தின் அமிலத்தன்மை மிகுந்த ஈர மண்ணில் இந்த நோயின் கொடுமை அதிகம். அதனால்தான் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் வாடலைத் தாங்கும் ரகங்களுக்காகப் பல ஆண்டுகள் உழைத்து, கத்தரியில் சூர்யா, சுவேதா, ஹரிதா, மிளகாயில் உஜ்வலா போன்றவற்றை வெளியிட்டது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும் அர்கா கேசவ் போன்ற கத்தரி ரகங்களைத் தந்திருக்கிறது.

நல்ல ரகம் இருக்கும்போது ஒட்டு எதற்கு என்று கேட்கலாம். கத்தரி விஷயத்தில் நம் மக்கள் பிடிவாதக்காரர்கள். ஒரு ஊருக்கு வெள்ளைக் கத்தரி வேண்டும், அடுத்த ஊருக்கு வரிக் கத்தரி வேண்டும், வேலூர்க்காரர்களுக்கு முள்ளுக் கத்தரிதான் கத்தரி. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி, குளத்தூர் நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்துத் தந்த கே.கே.எம்.1 கூட முட்டை வடிவத்தில் பால் வெள்ளையாகக் காய்ப்பதுதான். சந்தை கேட்கும் காயை விட்டுவிட்டு, வாடாத காய் ஒன்றைக் கொண்டுபோனால் வாங்க ஆள் இருக்காது. காய் பழைய காயாகவே இருக்க வேண்டும், வேர் மட்டும் நோயைத் தாங்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே விதைக்குள் கொண்டுவர ஆண்டுகள் பிடிக்கும். ஒரே செடிக்குள் கொண்டுவரப் பத்து நாள் போதும். அதற்குத்தான் ஒட்டு.

இது புதிய யோசனை அல்ல. கி.மு. முதல் நூற்றாண்டில் சீனாவில் ஃபான் ஷெங்ஜி என்பவர் எழுதிய வேளாண் நூலிலேயே, பல சுரைக் கொடிகளைச் சேர்த்துக் கட்டி ஒன்றாக்கி, ஒரு பெரிய காயைப் பெறும் வித்தை சொல்லப்பட்டிருக்கிறது. 1860-களில் அமெரிக்காவிலிருந்து போன ஒரு சிறு பூச்சி பிரான்ஸ் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களின் வேரைத் தின்று அழித்தபோது, அதே அமெரிக்காவின் காட்டுத் திராட்சை வேரில் பிரெஞ்சுத் திராட்சையை ஒட்டித்தான் அந்தத் தொழிலை மீட்டார்கள். காய்கறியில் இதைத் தொழிலாகத் தொடங்கியவர்கள் ஜப்பானியரும் கொரியரும். 1920-களின் இறுதியில், வாடலுக்குப் பயந்து தர்பூசணியைப் பூசணி வேரில் ஒட்டினார்கள். பிறகு சுரை வேரில். 1950-களில் கத்தரி வந்தது. இன்று அந்த இரு நாடுகளிலும் விளையும் தர்பூசணியில் மிகப் பெரும்பகுதி ஒட்டுச்செடியில் காய்த்ததுதான். மண்ணைப் புகைபோட்டு நோய்க்கிருமிகளைக் கொல்லப் பயன்பட்ட மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2005-ல் வளர்ந்த நாடுகள் பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கியபின், ஐரோப்பாவும் அமெரிக்காவும் இந்தப் பக்கம் திரும்பின. ஓசோன் பாடத்தையும் ஒட்டுப் பாடத்தையும் ஒரே வகுப்பில் இணைக்க நினைப்பவர்களுக்கு நல்ல கயிறு இது.

தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் 2003-ல், மழைக்காலத் தக்காளிக்கு ஒட்டுக் கட்டுவது எப்படி என்று ஒரு கையேடே வெளியிட்டது. அவர்கள் பரிந்துரைத்தது கத்தரி வேர். காரணம் எளிது. தக்காளி வேர் தேங்கிய தண்ணீரில் மூச்சுத் திணறிச் சீக்கிரமே செத்துவிடும். கத்தரி வேர் சில நாள் தாக்குப்பிடிக்கும். ஐப்பசி மழையில் வரப்பு நிறையத் தண்ணீர் நிற்கும் நம் பக்கத்துக்கு இது பொருந்தாதா என்ன? வாரணாசியில் உள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனம் இன்னொரு படி மேலே போய், கத்தரி வேர் ஒன்றில் கத்தரிக் கிளையும் தக்காளிக் கிளையும் சேர்ந்து வளரும் செடியை உருவாக்கி 'பிரிமாட்டோ' என்று பெயர் வைத்தது. உருளைக்கிழங்கின் மேல் தக்காளி வைத்த 'பொமாட்டோ'வும் அங்கே உண்டு. மொட்டை மாடித் தோட்டத்துக்கும் வகுப்பறை வியப்புக்கும் இவை நல்லவை. உழவரின் கடனைத் தீர்ப்பது இவை அல்ல என்பது என் எண்ணம்.

அந்தக் கடனைக் கொஞ்சமாவது குறைக்கக் கூடியது நம் சாலையோரத்தில் நிற்கிறது. சுண்டை. வத்தக்குழம்புக்குப் பறிப்போமே, அந்தச் சுண்டைதான். தாவரவியல் பெயர் 'சொலானம் டார்வம்'. ஈரம் உள்ள இடத்தில் யாரும் நடாமலே ஆளுயரத்துக்கு மேல் வளர்கிறது. வேர்முடிச்சு நூற்புழுவையும் பல வாடல் நோய்களையும் அதன் வேர் நன்றாகத் தாங்குகிறது. ஆழமாக இறங்குவதால் வறட்சியிலும் நிற்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சுண்டை வேரில் கத்தரியை ஒட்டும் முறையை ஆராய்ந்து உழவர்களிடம் கொண்டு போயிருக்கிறது. நம் மாநிலத்தில் ஒட்டுக் கத்தரி நட்டு, காய்ப்பு ஓய்ந்ததும் கவாத்து செய்து மறுதாம்பு விடுபவர்களும் இருக்கிறார்கள். சத்தீஸ்கரில் தனியார் நாற்றங்கால்கள் இதையே பெரும் தொழிலாகச் செய்கின்றன.

இங்கே ஓர் இடைச்செருகல். நம் பாட்டி வைத்தியத்தில் இடம்பிடித்த சுண்டையின் தாயகம் அமெரிக்க வெப்பமண்டலம் என்கிறார்கள் தாவரவியலார். கத்தரியோ நம் ஆசிய மண்ணின் பிள்ளை. வெளியூர்ச் செடியின் காலில் உள்ளூர்ச் செடி நிற்கிறது. சமூக அறிவியல் ஆசிரியர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். செங்கோட்டை வட்டாரமே 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்து நம்மோடு ஒட்டிய பகுதிதானே!

சரி, எப்படிச் செய்வது? கையேடுகளில் சொல்லாமல் விடுகிற சில இடங்களில் மட்டும் நின்று பேசுகிறேன்.

முதல் சிக்கல் விதை. சுண்டை விதை சோம்பேறி. மஞ்சளாகப் பழுத்த பழத்தைப் பிசைந்து, கழுவி, நிழலில் உலர்த்தி விதைத்தால் முளைக்க இரண்டு மூன்று வாரம் எடுக்கும். அதுவும் எல்லாம் ஒன்றாக முளைக்காது. முளைத்த பிறகும் மெல்ல வளரும். கத்தரி விதை ஒரு வாரத்தில் முளைத்து, முப்பது முப்பத்தைந்து நாளில் தயாராகிவிடும். இரண்டின் தண்டும் ஒரே பருமனில், பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபில் அளவில் இருக்கும்போதுதான் ஒட்ட முடியும். எனவே சுண்டையை ஒரு மாதத்துக்கு மேல் முந்தி விதைக்க வேண்டும். ஜூன் கடைசி வாரம் சுண்டை, ஆகஸ்ட் முதல் வாரம் கத்தரி, செப்டம்பர் முதல் வாரம் ஒட்டு என்று வைத்துக்கொண்டால், ஒட்டு ஆறும் நாட்கள் காலாண்டு விடுமுறைக்கு முன்பே முடிந்துவிடும். விடுமுறையில் ஆறவிட்டுப் போனால் திரும்பி வரும்போது குச்சிதான் இருக்கும்.

வெட்டுவது எளிது. சுண்டை நாற்றின் தலையை இரண்டு மூன்று இலைகளுக்கு மேலே குறுக்காக வெட்டி, தண்டின் நடுவில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளவு. கத்தரி நாற்றின் நுனியை இரண்டு இலையோடு எடுத்து, அடியை ஆப்புப்போல இரு பக்கமும் சீவி அந்தப் பிளவில் செருக வேண்டும். நோக்கம் ஒன்றே: இரண்டின் கேம்பியமும் தொட வேண்டும். வெட்டுவாயை விரலால் தொடாதீர்கள், காய விடாதீர்கள். செருகிய இடத்தை அசையாமல் பிடிக்க ஒட்டுக் கிளிப் விற்கிறது. கிடைக்காவிட்டால் சைக்கிள் கடையில் வால்வு டியூப் வாங்கி, அரை அங்குலத் துண்டாக நறுக்கி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டால் அருமையாகப் பிடிக்கும். பிளேடைச் செடிக்குச் செடி சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ துடையுங்கள். ஒரு செடியின் வைரஸை எல்லாச் செடிக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தப் பிளேடுதான். எட்டாம் வகுப்பு வரை ஆசிரியரே வெட்டட்டும். பிள்ளைகள் செருகட்டும், கட்டட்டும்.

உயிர் போவதும் பிழைப்பதும் அடுத்த ஒரு வாரத்தில். இப்போது மேலே இருக்கும் கத்தரி நுனிக்கு வேர் இல்லை. இலை மட்டும் நீராவிப்போக்கில் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். வெட்டுவாயில் காலஸ் திசு வளர்ந்து, அதற்குள் புதிய சைலமும் புளோயமும் பாலம் போடும்வரை அந்த நுனியை வாடாமல் வைத்திருக்க வேண்டும். வழி என்ன? வெளியே காற்றின் ஈரத்தைக் கூட்டி, உள்ளிருந்து தண்ணீர் போகாமல் தடுப்பது. ஒரு பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் ஈரச் சாக்கு, மேலே பாலிதீன் மூடி, இடம் நல்ல நிழல். முதல் மூன்று நாள் திறக்கவே கூடாது. நான்காம் நாளிலிருந்து காலையில் சிறிது நேரம், பிறகு கொஞ்சம் கூடுதல் என்று பழக்கி, பத்தாம் நாள் வெளியே எடுக்கலாம். இன்னும் ஒரு வாரம் வெயிலுக்குப் பழக்கி நடலாம். நீராவிப்போக்கை இவ்வளவு கவலையோடு பிள்ளைகள் கவனிப்பதை வேறு எந்தப் பாடத்திலும் நான் பார்த்ததில்லை. "சார், திறந்து பாக்கட்டுமா?" என்று மணிக்கொருமுறை கேட்பார்கள். புதிய கைக்கு முதல் தடவை பாதிச் செடி பிழைத்தாலே நல்ல கணக்கு. அதை முன்பே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். எத்தனை சதவீதம் பிழைத்தது என்பது ஏழாம் வகுப்புக் கணக்கு.

நடும்போது ஒன்றை மறக்கக்கூடாது. ஒட்டுப்பட்ட இடம் மண்ணுக்கு மேலே, மூன்று விரற்கடையாவது தள்ளி நிற்க வேண்டும். கத்தரிக்கு மண் அணைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. மண்ணை மேலே ஏற்றி ஒட்டை மூடிவிட்டால் கத்தரித் தண்டு தன் வேரையே விட்டுவிடும், அந்த வேர் வழியே நோய் உள்ளே போய்விடும், பாடுபட்டதெல்லாம் வீண். அதேபோல ஒட்டுக்குக் கீழே சுண்டைத் துளிர் வந்தால் கிள்ளிவிட வேண்டும். விட்டால் ஆறு மாதத்தில் கத்தரித் தோட்டம் சுண்டைத் தோட்டமாகிவிடும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் இடம். ஒட்டு என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் சொல்லாததையும் செய்து பார்ப்பார்கள். செய்து பார்க்கத்தான் வேண்டும். கத்தரி, சுண்டை, தக்காளி எல்லாம் ஒரே குடும்பம் என்று நாமே சொல்லுவோம். அதே குடும்பத்தில்தான் ஊமத்தையும் இருக்கிறது. சாலையோரத்தில் சுண்டைக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஊமத்தை வேரில் தக்காளியை ஒட்டினால் பிடித்துக்கொள்ளும், செழிப்பாகவும் வளரும். ஆனால் ஊமத்தையின் நஞ்சு உருவாகும் முக்கியமான இடம் அதன் வேர். அங்கிருந்து சைலம் வழியே மேலேறித் தக்காளிப் பழத்துக்குள் போய்விடும். 1960-களில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், இப்படி ஊமத்தை இனச் செடியில் ஒட்டிய தக்காளியைத் தின்று ஒரு குடும்பமே நஞ்சேறிக் கிடந்தது. புகையிலை வேரும் அப்படித்தான். நிகோடினை மேலே அனுப்பும். இதை மறைக்காமல், முதல் வகுப்பிலேயே, ஊமத்தைக் காயைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். பள்ளித் தோட்டத்தில் வேர்ச்செடியாகச் சுண்டையும் கத்தரியும் தவிர வேறொன்றும் வேண்டாம். அந்தக் காய் சத்துணவுக் கூடத்துக்குப் போகும் என்பதை நினைவில் வையுங்கள். சுண்டைக்கும் ஊமத்தைக்கும் வேறுபாடு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும்: சுண்டைக்குக் கொத்துக் கொத்தாகச் சிறிய வெள்ளைப் பூ, வழவழப்பான பச்சைக் காய், ஊமத்தைக்கு நீண்ட புனல் பூ, முள் நிறைந்த காய். பூவும் காயும் இல்லாத இளஞ்செடியை நம்பி எடுக்க வேண்டாம். பழத்திலிருந்து நீங்களே எடுத்த விதையில் முளைத்த நாற்றுதான் பாதுகாப்பு.

ஒட்டு எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாம் விளம்பரக்காரர்கள் ஆகிவிடுவோம். தண்டுத் துளைப்பானும் காய்ப்புழுவும் ஒட்டுக் கத்தரியையும் தின்னும். தத்துப்பூச்சி பரப்பும் சிற்றிலை நோயும் வரும், ஏனென்றால் அது வருவது மேல் வழியாக. தாங்கும் வேர் என்றால் நோயே தொடாத வேர் என்று பொருள் இல்லை; பாக்டீரியாவின் வகை மாறினால் சுண்டையும் சில இடங்களில் தோற்கும். தக்காளிக்குச் சுண்டையைவிடக் கத்தரி வேரே நன்றாகப் பொருந்தும். விலையும் உண்டு: ஒட்டு நாற்று சாதாரண நாற்றைப்போலப் பல மடங்கு. வாடல் இல்லாத வயலில் அந்தச் செலவு வீண்செலவு. அந்தப் பையனின் அப்பாவுக்கு நான் சொல்லக்கூடியதும் இவ்வளவுதான்: முதலில் தம்ளரில் வெட்டிப் பாருங்கள், வேரைக் கழுவிப் பாருங்கள், நோய் வேர் வழியாக வருகிறது என்றால் ஒரு மூலையில் ஐம்பது செடி நட்டுப் பாருங்கள், பிறகு முழு வயலை யோசிக்கலாம்.

பள்ளியில் சோதனை செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒட்டுச் செடி பத்தும் ஒட்டாத செடி பத்தும் நட்டு, 'பாருங்கள், ஒட்டுச் செடி நன்றாக இருக்கிறது' என்று முடித்துவிடாதீர்கள். மூன்றாவதாக ஒரு பத்துச் செடி வேண்டும்: கத்தரி வேரில் கத்தரியையே வெட்டி ஒட்டியது. நன்மை வந்தது சுண்டை வேராலா, அல்லது வெட்டி, மூடி, பத்து நாள் பக்குவமாக வளர்த்ததாலா என்பதை இந்த மூன்றாவது பத்துதான் சொல்லும். முப்பது செடியையும் எந்த இடத்தில் நடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். நமக்குப் பிடித்த செடியை நாமே அறியாமல் நல்ல மண்ணில் வைத்துவிடுவோம். வாரம் ஒரு நாள் உயரம், பூ, காயின் எடை, வாடிய செடி ஆகியவற்றை ஒரே குழு எழுதட்டும். பள்ளி மண்ணில் நோயே இல்லை என்றால் மூன்றும் ஒன்றுபோலத்தான் காய்க்கும். வெட்டுப்பட்ட செடிகள் சில நாள் பிந்திக்கூடக் காய்க்கலாம். அப்படி வந்தால் அப்படியே எழுதுங்கள். நோயுள்ள வயல் மண்ணைப் பைபோட்டுப் பள்ளிக்குக் கொண்டுவரும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். பெற்றோர் ஒருவர் சம்மதித்தால் அவர் வயலின் மூலைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். திரும்பும்போது செருப்பு மண்ணைக் கழுவிவிட்டு வாருங்கள்.

பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்விகளில் இரண்டுக்கு இப்போதே பதில் வைத்துக்கொள்ளலாம். ஒன்று, "இது மரபணு மாற்றிய கத்தரியா?" இல்லை. 2010-ல் மத்திய அரசு நிறுத்திவைத்த பி.டி. கத்தரி வேறு கதை. அங்கே கத்தரியின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு பாக்டீரியாவின் மரபணு இருந்தது. இங்கே வேரின் செல் சுண்டை, தண்டின் செல் கத்தரி, இடையில் ஒரு தையல். சொல்வதைவிடக் கேள்வியாகவே திருப்பிப் போடுங்கள்: இந்தச் செடியில் காய்த்த கத்தரியின் விதையை விதைத்தால் என்ன முளைக்கும்? கத்தரிதான் முளைக்கும், அதுவும் வாடலைத் தாங்காத கத்தரி வேரோடு. ஒவ்வொரு பட்டத்துக்கும் புதிதாக ஒட்டத்தான் வேண்டும். பத்தாம் வகுப்பு மரபியலை ஒரு பிள்ளை புரிந்துகொண்டதா என்பதை இந்த ஒரு கேள்வியில் அறியலாம்.

இரண்டாவது, "நெல்லுக்கும் வாழைக்கும் ஒட்டுக் கட்ட முடியுமா?" ஒருவித்திலைத் தாவரத்தில் கேம்பியம் வளையம் இல்லை, ஆகவே ஒட்ட முடியாது என்றுதான் நாமெல்லாம் படித்தோம், நடத்தினோம். 2022-ல் 'நேச்சர்' ஆய்விதழில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், விதைக்குள் இருக்கும் கருநிலையிலேயே திசுவை எடுத்து ஒட்டினால் கோதுமை போன்ற ஒருவித்திலைத் தாவரங்களும் ஒட்டும் என்று காட்டிவிட்டார்கள். வளர்ந்த தண்டில் நம் பிளேடு முறை இன்னும் செல்லாது. 'முடியவே முடியாது' என்று கரும்பலகையில் எழுதியிருப்பவர்கள் 'வளர்ந்த தண்டில் முடியாது' என்று திருத்திக்கொள்ளலாம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் நமக்கு இதில் என்ன என்று நினைக்க வேண்டாம். பிளேடு வேண்டாம், கத்தரிப் பூவையும் சுண்டைப் பூவையும் பக்கத்தில் வைத்து என்னென்ன ஒன்றுபோல் இருக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். ஐந்து இதழ், நடுவில் குவிந்த மஞ்சள் மகரந்தம், காய்க்குப் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சைக் காம்புத் தொப்பி. மிளகாய்ப் பூவையும் சேர்த்துக் கொடுத்தால் குடும்பம் என்ற சொல்லைச் சொல்லாமலே அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சுண்டை விதை வேண்டுமென்றால் கடைக்குப் போக வேண்டாம். கூட்டம் முடிந்து போகும்போது சாலையோரத்தில் மஞ்சளாகப் பழுத்த கொத்து தெரிந்தால் ஒன்று பறித்துக்கொள்ளுங்கள். ஒரு பழத்திலேயே ஏராளமான விதை இருக்கும். பார்த்துப் பறியுங்கள், தண்டில் முள் உண்டு.